மகளின் பென்சிலோடு மலையேறிய அப்பா

டென்சிங் நோர்கே என்ற பெயரை நம்மில் பலர் முதன்முதலாகப் பார்த்தது பொது அறிவுச் சோதனைத் தாளில்தான். எவரெஸ்ட் உச்சியை முதலில் அடைந்தவர்கள் யார்? ஹில்லாரி, டென்சிங். ஒரு புள்ளி கிடைக்கும், அத்தோடு அவரை மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன்.

நம்ம இயக்கத்துப் பிள்ளைகளை மலையேற்ற முகாம்களுக்குக் கூட்டிப்போகத் தொடங்கிய பிறகு, இரவில் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து சொல்வதற்கு ஏதாவது கதை வேண்டியிருந்தது. அப்போதுதான் டென்சிங்கின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பெரிய சாகசக்காரர் ஒருவரைத்தான் எதிர்பார்த்தேன். சாகசமும் இருந்தது. ஆனால் படிக்கப் படிக்க என் மனசில் தங்கியது வேறு ஆள்: மலையை விட்டு இருக்க முடியாத, அதே சமயம் பெண்டாட்டி பிள்ளைகளை நினைக்காமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாத ஒரு குடும்பஸ்தர். அவரைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அவர் 1914இல் பிறந்தார். எந்த நாள் என்று வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை. பயிர், பருவம் இவற்றை வைத்து மே மாதக் கடைசியாக இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். எவரெஸ்ட் ஏறிய பிறகு அவரே மே 29ஐத் தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். பெற்றோருக்குப் பதின்மூன்று பிள்ளைகள், இவர் பதினோராவது. பல பிள்ளைகள் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். அப்பா யாக் மாடு மேய்ப்பவர். நேப்பாளத்தின் கும்பு பகுதியிலுள்ள தாமே கிராமத்தில் வளர்ந்தார். பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், திபெத்தின் கார்த்தா பள்ளத்தாக்கில் என்று பிற்காலத்தில் குடும்பத்தாரே எழுதினார்கள்.

முதலில் வைத்த பெயர் நம்கியால் வாங்டி. ரோங்புக் மடத்துத் தலைமை லாமா சொன்னதால் அதை மாற்றி டென்சிங் நோர்கே என்று வைத்தார்கள். செல்வமும் பாக்கியமும் உள்ள, தர்மத்தைப் பின்பற்றுகிறவன் என்று பொருள். நம்ம வீடுகளிலும் ஜாதகம் பார்த்துப் பெயர் மாற்றுவது உண்டே, அது மாதிரிதான். பையனைத் துறவியாக்கலாம் என்று மடத்துக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். அங்கே ஒரு லாமா தலையில் அடித்தார். பையன் நேராக வீட்டுக்கு ஓடி வந்துவிட்டான். அதோடு துறவறம் முடிந்தது!

எழுதப் படிக்க அவர் கற்கவே இல்லை, பள்ளிக்கூடம் என்று ஒன்று அந்தப் பக்கம் கிடையாது. யாக் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே மேலே போவது, மாடுகள் மேயும்போது தூரத்தில் தெரியும் பெரிய மலையைப் பார்த்துக்கொண்டு உட்காருவது, இதுதான் அவருடைய பாலபாடம். அந்த மலையை வெளியுலகம் எவரெஸ்ட் என்றது. நேப்பாளத்தில் இப்போது சாகர்மாதா என்கிறார்கள். அவர் வீட்டில் சோமோலுங்மா. எந்தப் பறவையாலும் தாண்டிப் பறக்க முடியாத மலை என்று அம்மா அவருக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்திருந்தார். கடைசிவரை அவருக்கு அந்த அர்த்தம்தான் பிடித்திருந்தது.

1932இல், பதினெட்டு வயதில், வீட்டுக்குச் சொல்லாமல் டார்ஜிலிங்குக்குப் புறப்பட்டார். மலையேறும் குழுக்கள் அங்கேதான் ஷெர்ப்பாக்களை வேலைக்கு எடுத்தன. அடுத்த ஆண்டு எவரெஸ்ட் போன குழுவில் இடம் கிடைக்கவில்லை. பால் விற்றார், கூலி வேலை பார்த்தார். 1935இல் எரிக் ஷிப்டன் என்ற ஆங்கிலேயர் ஆள் எடுத்தபோதுதான் வாய்ப்பு வந்தது. முன் அனுபவம் எதுவும் இல்லை. அந்தப் பையனின் சிரிப்பு ஷிப்டனுக்குப் பிடித்துப்போய்விட்டது. உலகம் முழுதும் பிறகு பத்திரிகைகளில் பார்த்த அதே சிரிப்புதான்.

அந்தச் சமயத்தில்தான் தாவா புட்டி என்ற ஷெர்ப்பா பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். முதல் குழந்தை நீமா டோர்ஜே, ஆண் பிள்ளை. பிறகு பெம் பெம், நீமா என்று இரண்டு பெண்கள். 1935, 1936, 1938 என்று மூன்று முறை எவரெஸ்ட்டுக்குச் சுமை தூக்கிப் போனார். 1938இல் உயரத்து முகாம் வரை சுமையோடு ஏறியதற்காகப் புலிப் பதக்கம் கிடைத்தது. அடுத்த வருடமே, 1939இல், மகன் நீமா டோர்ஜே நான்கு வயதில் இறந்துபோனான்.

பிறகு போர் வந்தது. எவரெஸ்ட் பயணங்கள் நின்றன. இப்போதைய பாகிஸ்தானின் வடக்கு மூலையில் உள்ள சித்ராலில் ஒரு ராணுவ அதிகாரியிடம் வேலைக்குப் போனார். குடும்பமும் அங்கே வந்து சேர்ந்தது. 1944இல் தாவா புட்டி அங்கேயே நோயில் இறந்தார். முப்பது வயது மனிதர், கையில் இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள், சொந்த ஊரோ இந்தியத் துணைக்கண்டத்தின் மறுகோடியில். பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் கடந்து டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். எவரெஸ்ட் ஏறியதைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். தாயில்லாத இரண்டு பெண்களோடு அவர் செய்த இந்தப் பயணத்தைப் பற்றி ரொம்பப் பேர் எழுதவில்லை. எனக்கென்னமோ இதுவும் ஒரு மலையேற்றம்தான்.

டார்ஜிலிங்கில் ஆங் லாமுவைக் கல்யாணம் செய்தார். அவர் தாவா புட்டிக்கு உறவுக்காரப் பெண். வெள்ளைக்காரக் குடும்பங்களில் ஆயா வேலை பார்த்தவர், அந்த வேலையாகவே லண்டன் வரைக்கும் போய் வந்தவர். அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. பெம் பெம்மையும் நீமாவையும் தன் பிள்ளைகளாக வளர்த்தார். போர் முடிந்தும் சில வருடங்களுக்கு மலையேறும் வேலை சரியாகக் கிடைக்கவில்லை. அப்போது வீட்டு அடுப்பு எரிந்தது ஆங் லாமுவின் சம்பாத்தியத்தில். இதை டென்சிங் மறைத்ததே இல்லை. புகழ் வந்த பிறகு தன் வாழ்க்கைக் கதையைச் சொன்னபோதும் மனைவி தன்னைத் தாங்கிய அந்த வருடங்களை நன்றியோடு சொன்னார். நம்ம அப்பாக்களில் எத்தனை பேர் இப்படி வெளியே சொல்வார்கள்?

எவரெஸ்ட்டை மட்டும் பேசினால் அவருடைய மற்ற மலைகளை மறந்துவிடுவோம். இந்து இளைஞர்களான நமக்கு அந்த மலைகளின் பெயர்களே போதும். 1947இல் ஒரு சுவிஸ் குழு கர்வால் இமயத்துக்கு வந்தது. அவர்களுடைய சிர்தார், அதாவது ஷெர்ப்பாக்களின் தலைவர், விழுந்து காயப்பட்டதால் அந்தப் பொறுப்பு டென்சிங்குக்கு வந்தது. அந்தப் பயணத்தில் அவர்கள் ஏறி முடித்தது கேதார்நாத் சிகரம். நாம் ஈசனை நினைத்துக் கும்பிடும் கேதாரத்துக்கு மேலே நிற்கிற பனிமலை அது. டென்சிங் ஏறிய முதல் பெரிய உச்சியும் அதுதான். 1950இல் பந்தர்பூஞ்ச். குரங்கின் வால் என்று அர்த்தம். இலங்கையை எரித்த அனுமன் தன் வால் நெருப்பை அணைத்த இடம் என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள். அந்த மலையின் உச்சியை முதன்முதலாகத் தொட்ட குழுவில் டென்சிங் இருந்தார்.

1951இல் நந்தா தேவி. பார்வதியின் பெயரால் விளங்கும் மலை. பிரெஞ்சுக் குழுவின் தலைவர் ரோஜே டூப்லாவும் ஜில்பேர் வீஞ் என்ற இளைஞரும் முதன்மைச் சிகரத்தை நோக்கிப் போனவர்கள் திரும்பவே இல்லை. அவர்களைத் தேடுவதற்காக டென்சிங்கும் லூயி டுபோ என்பவரும் நந்தா தேவி கிழக்குச் சிகரத்தில் ஏறினார்கள். ஆட்கள் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஏற்றம்தான் தன் வாழ்நாளிலேயே மிகக் கடினமானது, எவரெஸ்ட்டைவிடக் கடினமானது என்று டென்சிங் பிற்காலத்தில் சொன்னார். பெயரோ பரிசோ கிடைக்காத, காணாமல் போனவர்களைத் தேடிப் போன ஒரு ஏற்றம். அதை அவர் அவ்வளவு மதித்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

1952இல் சுவிஸ் குழு எவரெஸ்ட்டுக்குப் போனது. இந்த முறை டென்சிங் சுமைக்காரர் இல்லை, ஏறும் குழுவில் சம உறுப்பினர். ரேமண்ட் லாம்பெர்ட் என்ற சுவிஸ் வழிகாட்டியோடு சேர்ந்து ஏறினார். இவருக்குப் பிரெஞ்சு வராது, அவருக்கு இவர் மொழி வராது. கையாலும் சிரிப்பாலும்தான் பேச்சு. ஓர் இரவு தூங்கும் பையும் இல்லாமல் அடுப்பும் இல்லாமல் கூடாரத்தில் ஒருவரையொருவர் தட்டித் தேய்த்துக்கொண்டு, மெழுகுவர்த்தியில் பனியை உருக்கித் தண்ணீர் குடித்து உயிர் பிழைத்தார்கள். மறுநாள் ஏறக்குறைய 8,600 மீட்டர் வரை போய்த் திரும்பினார்கள். அதுவரை மனிதர்கள் ஏறியதாக உறுதியாகத் தெரிந்த உயரங்களில் அதுவே அதிகம். லாம்பெர்ட் தன் சிவப்புக் கழுத்துத் துணியை நண்பருக்குக் கொடுத்தார்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் சுவிஸ்காரர்கள் மறுபடி வந்தார்கள். மறுபடி டென்சிங் போனார். ஒரே ஆண்டில் இரண்டு எவரெஸ்ட் பயணம் உடம்பைத் தின்றுவிட்டது. மலேரியா வேறு வந்து எடை குறைந்து, ஆள் தேய்ந்துபோய்த் திரும்பினார். அந்த நிலைமையில்தான் 1953 பயணத்துக்குப் பிரிட்டிஷ் குழுவின் அழைப்பு வந்தது.

வீட்டில் பெரிய தகராறு. ஆங் லாமு வேண்டாம் என்றார். உடம்பு தேறவில்லை, போனால் செத்துப்போவீர்கள், எங்களையும் இந்தப் பிள்ளைகளையும் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதானே? அவர் கோபத்தில் கேட்டதில்லை, பயத்தில் கேட்டது. டென்சிங்கிடம் அதற்குச் சரியான பதில் இல்லை. மலை கூப்பிடுகிறது, போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கடைசியில் மனைவி சம்மதித்தார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்குப் பணம் திரட்டித் தருவதாக டார்ஜிலிங் நண்பர் ரவீந்திரநாத் மித்ரா வாக்குக் கொடுத்தார். உச்சியில் பறக்கவிட இந்தியக் கொடி ஒன்றையும் அவர்தான் கொடுத்தனுப்பினார்.

புறப்படுகிற நேரத்தில் சின்ன மகள் நீமா ஒரு பென்சில் துண்டைக் கொடுத்தாள். பள்ளியில் எழுதித் தேய்ந்துபோன, சிவப்பும் நீலமுமான பென்சில். உச்சிக்குப் போனால் அங்கே வைத்துவிட்டு வாங்க அப்பா என்று கேட்டுக்கொண்டாள். அவரும் வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டார். யோசித்துப் பாருங்க: எழுதவே தெரியாத அப்பாவின் சட்டைப்பைக்குள் மகள் எழுதின பென்சில்.

காட்மாண்டுவில் குழு கூடியது. வெள்ளைக்காரர்களுக்குத் தூதரகத்தில் அறைகள், ஷெர்ப்பாக்களுக்கு வண்டி நிறுத்தும் கொட்டகை. கழிவறைகூட இல்லை. ஷெர்ப்பாக்கள் கொதித்துப்போனார்கள். சிர்தார் டென்சிங் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று சமாதானம் செய்து பயணத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மலை ஏறுவதற்கு முன்னாலேயே இப்படிச் சில ஏற்றங்கள்.

பயணத்தின் போது ஒருநாள் கும்பு பனியருவிப் பகுதியில் ஹில்லாரி தாண்டிய பனிப்பலகை உடைந்து பிளவுக்குள் விழுந்தார். பின்னால் வந்த டென்சிங் சட்டென்று பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றைப் பிடித்து நிறுத்தினார். அந்த ஒரு நொடியில் ஹில்லாரிக்குத் தன் துணை யார் என்று புரிந்துபோனது. அப்போதிலிருந்து இருவரும் ஜோடி.

மே 26இல் இவான்ஸும் போர்டில்லனும் தென் சிகரம் வரை போய், அதற்கு மேல் முடியாமல் திரும்பினார்கள். அடுத்து ஹில்லாரி - டென்சிங் முறை. மே 28 இரவு ஏறக்குறைய 8,500 மீட்டர் உயரத்தில் ஒரு சின்னக் கூடாரம். நம்ம கினபாலு 4,095 மீட்டர். அதில் ஏறியவர்களுக்கு மேலே போகப் போக மூச்சு எப்படி வாங்கும் என்று தெரியும். அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான உயரத்தில் தூங்க முயற்சி செய்தார்கள். ஹில்லாரி பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்தார், காலையில் அது கல்லாக உறைந்திருந்தது. அடுப்பில் காட்டி இளக்க நேரம் பிடித்தது. டென்சிங் பூட்ஸோடேயே படுத்திருந்தார். அனுபவம்!

விடியலில் கீழே எங்கோ தெங்போச்சே மடம் தெரிந்தது. டென்சிங் அதை ஹில்லாரிக்குச் சுட்டிக் காட்டினார். காலை 6.30 மணிக்குக் கிளம்பினார்கள். 11.30 மணிக்கு ஏறுவதற்கு மேலே எதுவும் இல்லை.

அன்று டென்சிங்கின் கழுத்தில் இருந்தது லாம்பெர்ட் கொடுத்த சிவப்புத் துணி. பனிக்கோடரியில் நான்கு கொடிகள்: ஐக்கிய நாடுகள் சபை, பிரிட்டன், நேப்பாளம், இந்தியா. ஹில்லாரி படம் எடுத்தார். உலகம் பார்த்த அந்தப் படத்தில் இருப்பவர் டென்சிங்தான். உச்சியில் ஹில்லாரி நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. பிறகு டென்சிங் குனிந்து பனியில் சிறு குழி தோண்டினார். கொண்டுபோயிருந்த சாக்லெட், பிஸ்கட், மிட்டாய்களை அதில் வைத்தார். வீட்டில் விசேஷம் என்றால் சாமிக்குப் படைக்கிறோம் இல்லையா, அதே மனசுதான். அவர் பௌத்தர், மலை அவருக்குத் தெய்வம், அவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு நிற்க முடியாது. அந்தப் படையலோடு மகளின் பென்சிலையும் வைத்தார். குழுத் தலைவர் ஜான் ஹண்ட் கொடுத்தனுப்பிய சிறு சிலுவையை ஹில்லாரி பக்கத்திலேயே புதைத்தார். பதினைந்து நிமிடம் மட்டும் நின்றுவிட்டு இறங்கினார்கள்.

அது அவருடைய ஏழாவது எவரெஸ்ட் பயணம். முதல் பயணத்துக்கும் அதற்கும் நடுவில் பதினெட்டு வருடங்கள்.

கீழே இறங்கிய பிறகுதான் உண்மையான புயல். லண்டனில் ராணி எலிசபெத்தின் முடிசூட்டு நாளான ஜூன் 2 அன்று செய்தி வெளியானது. பிரிட்டனுக்கு அது தன் வெற்றி. நேப்பாளத்துக்குத் தன் மகன் வெற்றி. இந்தியாவுக்கு டார்ஜிலிங்வாசியின் வெற்றி. காட்மாண்டுவில் டென்சிங்கை ரதத்தில் ஏற்றாத குறைதான். டென்சிங் உச்சியில் நின்று கயிற்றால் ஹில்லாரியை மேலே இழுப்பது போல் படம் வரைந்து மாட்டியிருந்தார்கள். முதலில் காலை வைத்தது நான்தான் என்று எழுதிய காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அவருக்குத் தெரியாது. பிறகு இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே உச்சியை அடைந்தோம் என்று கூட்டாக அறிக்கை விட்டார்கள்.

முகாமில் பிள்ளைகள் என்னைத் தவறாமல் கேட்கும் கேள்வியும் இதுதான். அண்ணே, உண்மையில் யார் முதல்ல? அதில் ஒரு ஆசை ஒளிந்திருப்பது எனக்குத் தெரியும். நம்ம பக்கத்து ஆள் முதலில் போயிருக்க வேண்டும் என்ற ஆசை. கோடிக்கணக்கான ஆசியர்களுக்கு அன்று அதே ஆசை. காலனி ஆட்சி முடிந்த கையோடு வந்த வெற்றி அது, ஆசைப்பட்டதில் தப்பும் இல்லை. அந்தப் பொய்யை அப்படியே விட்டிருந்தால் டென்சிங்குக்கு லாபம்தான். ஊரே கொண்டாடியிருக்கும். ஆனால் 1955இல் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லி எழுதவைத்தபோது, அவர் உள்ளதைச் சொன்னார். இருவரும் ஒரே கயிற்றில் இருந்தோம், சில அடி இடைவெளி, ஹில்லாரி முதலில் கால் வைத்தார், பின்னால் நான் என்றார். எவரெஸ்ட்டில் இரண்டாவதாக நிற்பது வெட்கம் என்றால் அந்த வெட்கத்தோடு வாழ்ந்துவிட்டுப் போகிறேன் என்ற பொருளில் பேசினார். தன் மக்கள் வருத்தப்படுவார்கள் என்று தெரிந்தும் சொன்னார். நான் இதைச் சொல்லி முடித்ததும் கூடாரத்துப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

எந்த நாட்டுக்காரர் நீங்கள் என்ற கேள்வியும் அவரைத் துரத்தியது. நேப்பாளம் பெற்றது, இந்தியா வளர்த்தது, இரண்டும் எனக்கு ஒன்றுதான் என்கிற மாதிரி பதில் சொல்லித் தப்பித்தார். லண்டன் போக நல்ல உடை இல்லை என்றபோது பிரதமர் நேரு தன் அலமாரியைத் திறந்து கோட்டு, கால்சட்டை, சட்டை என்று அள்ளிக் கொடுத்தார். அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தின. மனைவியையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டுதான் லண்டன் போனார். அந்த வீட்டில் லண்டன் தெரிந்த ஒரே ஆள் ஆங் லாமுதான்! ஹில்லாரிக்கும் ஹண்ட்டுக்கும் சர் பட்டம் கிடைத்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். இதில் நியாயம் இருக்கிறதா என்று இன்றும் பலர் சண்டை போடுகிறார்கள். இந்தியா 1959இல் பத்ம பூஷண் கொடுத்தது.

1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கியது. நேருவும் மேற்கு வங்க முதலமைச்சர் பி.சி. ராயும் அதற்கு ஆதரவு. டென்சிங் சுவிட்சர்லாந்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்து, களப்பயிற்சி இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1976 வரை அந்த வேலைதான். கயிறு முடிச்சிலிருந்து பனியில் காலூன்றுவது வரை அங்கே வந்த இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். மாதச் சம்பளம், நிலையான வேலை, வீடு. மலையையும் குடும்பத்தையும் ஒரே ஊரில் வைத்துக்கொள்ளும் வழி கடைசியில் கிடைத்தது.

டார்ஜிலிங்கில் வாங்கிய வீட்டுக்கு காங் லா என்று பெயர். வீடு முழுக்கச் சொந்தபந்தம். லாசா ஆப்சோ என்கிற சடை நாய்களை ஆசையாக வளர்த்தார். பிரபலமானவரைப் பார்க்க வருகிறவர்கள் கூட்டம் வேறு.

அவர் குறையே இல்லாத மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை வேண்டும் என்ற ஏக்கம் இருந்தது. ஷெர்ப்பா வழக்கம் அனுமதித்ததால், ஆங் லாமு இருக்கும்போதே டாக்கு என்ற பெண்ணை மணந்தார். 1964இல் ஆங் லாமு இறந்தார். கஷ்ட காலத்தில் அடுப்பு எரியவைத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. வழக்கம் என்று சொல்லிவிட்டுக் கடந்து போக மனசு வரவில்லை. டாக்குவின் மூலம் நோர்பு, ஜாம்லிங், தாமே என்ற மகன்களும் டெக்கி என்ற மகளும் பிறந்தார்கள்.

தான் படிக்கவில்லையே என்ற குறை அவரை விட்டுப் போகவே இல்லை. அதனால் பிள்ளைகளை நல்ல பள்ளிகளில் சேர்த்தார். மேற்படிப்புக்கு அமெரிக்கா அனுப்பினார். ஆனால் மலை மேலே ஏற்ற மட்டும் மாட்டார். 1983இல் இந்தியக் குழு ஒன்றில் எவரெஸ்ட் போக மகன் ஜாம்லிங் ஆசைப்பட்டு, அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வந்து நின்றான். அந்த வார்த்தையை அப்பா சொல்லவில்லை. நீங்கள் ஏற வேண்டாம் என்பதற்காகத்தான் நான் ஏறினேன் என்பது அவர் நிலைப்பாடு. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மலையேறச் சொல்லிக் கொடுத்தவர், தன் பிள்ளைக்கு மறுத்துவிட்டார். ஷெர்ப்பாக்களுக்கு மலை என்பது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. எத்தனை நண்பர்களைப் பனிக்குள் விட்டுவிட்டு வந்தவர் அவர்! தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம்ம தாத்தாக்கள் தங்கள் பிள்ளைகளின் கையில் உளியைக் கொடுக்காமல் புத்தகத்தைக் கொடுத்தார்களே, அதை நினைத்தால் டென்சிங்கின் பிடிவாதம் நமக்குப் புரியும்.

பணி ஓய்வுக்குப் பிறகு வந்த வருடங்கள் சுகமாக இல்லை. தனிமையும் மனவருத்தமும் இருந்தன. வெளிநாட்டுப் பயணிகளை மலைகளுக்கு அழைத்துப்போகும் வேலை பார்த்தார். 1986 மே 9இல் டார்ஜிலிங் வீட்டில் காலமானார். ஊரே திரண்டு வந்தது. அப்போது டில்லியில் நியூசிலாந்துத் தூதராக இருந்த ஹில்லாரி, கூர்க்காலாந்துப் போராட்டத்தால் டார்ஜிலிங் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரத்திலும் இறுதிச் சடங்குக்கு வந்து சேர்ந்தார். தான் இருபத்திரண்டு வருடம் பயிற்சி கொடுத்த கழகத்தின் வளாகத்திலேயே டென்சிங்கின் உடல் தகனம் செய்யப்பட்டது.

மகன் ஜாம்லிங் கடைசியில் அப்பா பேச்சைக் கேட்கவில்லை. அப்பா இறந்து பத்து வருடம் கழித்து, 1996 மே 23இல் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். பெரிய மகள் பெம் பெம்மின் மகன் டாஷி அடுத்த ஆண்டு ஏறினார். அந்த 1997இல், அதே மே 23ஆம் தேதி, நம்ம மலேசியத் தமிழர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் நம் நாட்டுக் கொடியோடு அந்த உச்சியில் நின்றதை உங்கள் அப்பா அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஜாம்லிங் உச்சியில் அப்பா அம்மா படத்தை வைத்தார். பக்கத்தில், வீட்டில் விட்டுவிட்டு வந்த தன் கைக்குழந்தையின் கிலுகிலுப்பையையும் வைத்துவிட்டு இறங்கினார்.